லைட் பெட்டியை நான் தரமாட்டேன் அக்கா

நேற்று இன்பொக்ஸில் செங்கலடிப் பக்கத்து அக்கா ஒராள் கேட்டிருந்தா: "தங்கச்சி, உங்கட மகளுக்கு வாங்கின கலர் லைட் பெட்டி சும்மாதானே கிடக்கு? என்ட மகனுக்கு ஆறு வயசு, எழுத்துப் பார்க்கக் கஷ்டப்படுறான். பாதி விலைக்குத் தாங்களன்." அவவுக்கு எழுதின பதிலை எல்லாருக்கும் சேர்த்து இங்க எழுதுறன்.

மகள் தரம் நாலு. வாசிக்கச் சொன்னா வரி விட்டு வரி தாவுவாள். பத்து நிமிசத்தில தலையிடி. புலமைப்பரிசில் வருது, பிள்ளைக்குக் கவனமில்லை எண்டு ரியூசன்ல சொன்னாங்க, நானும் ஏசினன். கண்ணாடிக் கடையில போர்டைக் கடைசி வரி வரைக்கும் வாசிச்சாள். அப்ப கண்ணில பிழையில்லை எண்டு நானே முடிவெடுத்திட்டன். பிறகுதான் கொழும்பில ஒரு இடத்தில "ஒளிச் சிகிச்சை" எண்டு அந்தப் பெட்டியைத் தந்தாங்க. இருட்டு அறையில ஒரு நாளைக்கு இருபது நிமிசம் கலர் வெளிச்சத்தைப் பார்க்கவேணும்.

ஆறு கிழமை பார்த்தாள். ஒரு நாள் பின்னேரம் லைட்டை நிப்பாட்டிப்போட்டு வந்து பார்க்கிறன், இடக் கையால ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சமயப் புத்தகம் வாசிக்கிறாள்.

"ஏன் மனே இப்பிடி?"

"இப்பிடிப் பொத்தினாத்தான் எழுத்து ரெண்டாத் தெரியாது அம்மா."

இவ்வளவு நாளும் அவளிட்ட ஒரு வார்த்தை கேட்காம இருந்திட்டனே எண்டு அண்டைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில டொக்டர் ஒரு பேனையை மெதுவா மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தார். பாதித் தூரத்திலேயே ஒரு கண் வெளிப்பக்கமா விலகிப் போயிற்று. கிட்டப் பார்க்கிற நேரம் ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்ளுக்குத் திரும்பவேணும், இவளுக்கு அது பத்தாது. தூரப் பார்வை சுத்தமா இருக்கும், அதால போர்டில பிடிபடாது.

லைட் முறை புதுசு இல்ல. அமெரிக்காவில ஸ்பிட்லர் எண்டவர் தொடங்கினது, 1933லயே அதுக்கு ஒரு கல்லூரியும் வந்தது. கண்ணுக்குள்ள போற நிறம் நரம்புத் தொகுதியைச் சமப்படுத்தும் எண்டது அவங்கட நம்பிக்கை. தொண்ணூறு வருசம் போயும் கண் வைத்தியத்துறை அதை ஏற்கேல்ல, ஏற்கிற அளவுக்கு ஒழுங்கான ஆதாரம் வரேல்ல. வெளிச்சத்தால வைத்தியமே இல்லை எண்டு நான் சொல்லேல்ல. மஞ்சட்காமாலை வந்த பச்சைப் பிள்ளையை நீல லைட்டுக்குக் கீழ வைக்கிறதை நாம எல்லாரும் கண்டிருக்கிறம். அது வேற விசயம்.

"என்ட பிள்ளைக்கு லைட்டால சுகமாச்சு" எண்டு சொல்ற தாய்மார் பொய் சொல்லேல்ல. மகளுக்கு இருக்கிற இதே குறைபாட்டை வைச்சு அமெரிக்காவில 221 பிள்ளைகளில ஒரு பெரிய ஆய்வு செய்து 2008ல வெளியிட்டாங்க. பன்னிரண்டு கிழமை. லைட் இல்ல, கண் பயிற்சி. ஆள் பக்கத்தில இருந்து முறையாப் பழக்கி, வீட்டிலயும் செய்த பிள்ளைகளில 73 வீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வீட்டில பென்சிலை மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்து பார்க்கிற பயிற்சியை மட்டும் செய்த பிள்ளைகளில 43 வீதம். ஒண்டுக்கும் உதவாத போலிப் பயிற்சி கொடுத்த பிள்ளைகளிலயும் 35 வீதம் பேர் முன்னேறினாங்க! பிள்ளை வளருது, ஒராள் கிழமைக்கு ஒருக்கா அக்கறையா விசாரிக்குது, அதுவே கொஞ்சம் மாத்தும். அந்த இடத்தில லைட் பெட்டி இருந்தா பேர் பெட்டிக்குத்தான் போகும்.

இப்ப மகளின்ட கண் பயிற்சிக்கு எங்கட யன்னல் கம்பியில ஒரு தடிச்ச நூல் கட்டியிருக்கு, அதில மூணு மணி. மற்ற நுனியை மூக்கு நுனியில பிடிக்கவேணும். மணியைப் பார்க்கிற நேரம் ரெண்டு நூல் வந்து அந்த மணியில பிணையிற மாதிரித் தெரிஞ்சா ரெண்டு கண்ணும் வேலை செய்யுது. முதல் கிழமை அவளுக்கு ஒரு நூல்தான் தெரிஞ்சது. போன கிழமை கிட்டக் கிடக்கிற சிவப்பு மணியில "அம்மா, பிணைஞ்சிட்டு" எண்டு கத்தினாள்.

அக்கா, உங்கட மகனுக்கு இதுவா இருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆறு வயசில சோம்பல் கண்ணாவும் இருக்கலாம், ஒரு கண்ணில பார்வை சரியா வளராம நிக்கிறது. அப்பிடியெண்டா நல்ல கண்ணை மறைச்சுக் கட்டி மற்றக் கண்ணைப் பழக்குவாங்க. ஏழு வயசுக்கு முதல் தொடங்கினா நல்லாப் பிடிக்கும், வயசு போகப் போகக் கஷ்டம். நாங்க பெட்டிக்கு முன்னால விட்ட ஆறு கிழமையை நீங்களும் விடக்கூடாது. அடுத்த கிளினிக்குக்கு மகளைக் கொண்டு போறன். காலையில ஆறரைக்கே நம்பர் எடுக்கவேணும், உங்கட மகனுக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறன், வாங்க.