கோவாலாவைப் பார்த்தால் போட்டோவோடு நிறுத்திவிடாதீர்கள்

சிட்னியின் தென்மேற்கில் கேம்பல்டவுன், அப்பின், வெடர்பர்ன் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் பலர் கோவாலாவைப் பார்த்ததும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். ஊரிலிருந்து அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் இதயம் போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படம் அங்கேயே நின்றுவிட்டால் அந்தக் கோவாலாவுக்கு ஒரு பயனும் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நிலத்தில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்காகத் தயாரித்த சூழல் அறிக்கையைப் படித்தேன். அந்த ஓடைக்கரையில் அண்மைக் காலத்தில் கோவாலா இருந்ததற்குப் பதிவு இல்லை என்று ஒரு வரி. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அரசின் தரவுத்தளத்தில் தேடியிருக்கிறார்கள், அதில் இல்லை. ஆனால் அதே கரையில் குட்டியை முதுகில் சுமந்தபடி உட்கார்ந்திருந்த தாயின் படம் எங்கள் தெருவில் பல வீட்டுப் போன்களில் இருந்தது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ஒரு பதிவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். நியூ சவுத் வேல்ஸின் கோவாலா வாழிட விதிகளில் ‘மைய வாழிடம்’ என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு நிலம் அந்த வகைக்குள் வர இரண்டு வழிகள். இரண்டிலும் நிலம் கோவாலாவுக்கு மிகவும் ஏற்றது என்று மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஒன்று, அப்படி மதிப்பிடும்போது அங்கே கோவாலா இருப்பது பதிவாக வேண்டும். இன்னொன்று, கடந்த 18 ஆண்டுகளுக்குள் அங்கே கோவாலா பதிவாகியிருக்க வேண்டும். எல்லா நிலத்துக்கும் இந்த விதி ஒரே மாதிரிப் பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் அதன் சாரத்தைப் பாருங்கள்: நீங்கள் இன்று செய்யும் ஒரு பதிவு 18 வருடம் அந்த மரத்துக்காகப் பேசும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? சில நாள் வந்து போகிறவர்களுக்கு கோவாலா கண்ணில் படுவது கஷ்டம். ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் உச்சிக்கிளையில் அசையாமல் தூங்குகிற உயிர் அது. சாம்பல் நிற மரத்தில் சாம்பல் நிற உடம்பு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். ஓர் இடத்தில் 30 மரங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றின் அடியிலும் புழுக்கை தேடுவது வழக்கமான ஆய்வு முறை. பேரீச்சங்கொட்டை அளவில், தைல வாசத்தோடு இருக்கும். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் கோவாலாவைக் கண்டுபிடிக்கவென்றே நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். அவற்றில் ‘பேர்’ (Bear) என்ற நாய் 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கோவாலாக்களைக் கண்டுபிடிக்க உதவியது. எல்லாக் கவுன்சிலுக்கும் அப்படி ஒரு நாய் கிடைக்காது. ஆனால் தினமும் அதே பாதையில் நடைக்குப் போகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி மூன்றிலும் வாழும் கோவாலாக்களை 2012இல் ‘பாதிக்கப்படக்கூடியவை’ என்று மத்திய அரசு பட்டியலிட்டது. 2022 பிப்ரவரியில் அதை ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்று மாற்ற வேண்டி வந்தது. அரசு அவசரமாகத் தலையிடாவிட்டால் 2050க்கு முன்பே நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் கோவாலா இருக்காது என்று 2020இலேயே மாநில நாடாளுமன்றக் குழு எழுதிவிட்டது. காட்டுத்தீயைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். தீ இல்லாத வருடங்களிலும் மரம் வெட்டுகிறார்கள், சாலைகளில் அடிபடுகின்றன, நாய்கள் கடிக்கின்றன, நோய் பரவுகிறது.

பிரிஸ்பேனுக்குத் தென்கிழக்கே கோவாலா கோஸ்ட் என்றே பெயர் வாங்கிய பகுதி ஒன்று இருக்கிறது. 1996க்கும் 2014க்கும் நடுவில் அங்கே சுமார் 80 சதவீதம் கோவாலாக்கள் போய்விட்டன. இது நமக்குத் தெரிகிறது என்றால், அங்கே வருடக்கணக்காக விடாமல் கணக்கெடுத்தார்கள் என்பதுதான் காரணம். யாரும் எண்ணாத இடங்களில் இதே சரிவு சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நடத்தும் தேசியக் கண்காணிப்புத் திட்டம் முதலில் நாடு முழுக்க சுமார் 2,87,000 முதல் 6,28,000 கோவாலாக்கள் இருக்கலாம் என்றது. பிந்தைய மதிப்பீட்டில் அது 7,29,000 முதல் 9,18,000 வரை போனது. உடனே சிலர் ‘கோவாலா பெருகிவிட்டது, இனி என்ன கவலை’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெருகவில்லை. முன்பு தகவலே இல்லாத காடுகளிலிருந்து தகவல் வந்தது, கணக்கு உண்மைக்கு நெருங்கியது, அவ்வளவுதான். இத்தனை வருடம் எவ்வளவு குறைந்த தகவலை வைத்துக்கொண்டு காட்டை வெட்ட அனுமதி கொடுத்தோம் என்றுதான் எனக்கு அதைப் படித்தபோது தோன்றியது.

மெல்பர்ன் நண்பர்கள் ‘எங்கள் பக்கம் நிறைய இருக்கே’ என்பார்கள். விக்டோரியாவின் சில இடங்களில் உணவுக்கு மீறிய எண்ணிக்கை இருப்பது உண்மை. ஆனால் அது செழிப்பு ஆகாது. துண்டு துண்டான காடுகளில், சுற்றிலும் வெட்டிக்கொண்டிருக்கும் நீல யூகலிப்டஸ் தோட்டங்களுக்கு நடுவே அடைபட்ட கூட்டம் அது. 2025 மார்ச்சில் புட்ஜ் பிம் தேசியப் பூங்கா எரிந்த பிறகு, தீக்காயத்தோடும் பட்டினியோடும் இருந்த நூற்றுக்கணக்கான கோவாலாக்களை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். வேதனையைக் குறைக்கத்தான் செய்தோம் என்றது அரசு. அந்த நிலைமைக்கு வரும்வரை விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? பார்த்த தேதி, நேரம், சரியான இடம், முடிந்தால் ஒரு படம். தாயும் குட்டியுமா, தனியா, கண் சிவந்திருக்கிறதா, பின்புறம் ஈரமாக அழுக்கேறி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். கடைசி இரண்டும் கிளமிடியா நோயின் அடையாளங்கள். கேம்பல்டவுன் கோவாலாக்கள் நீண்ட காலம் இந்த நோய் இல்லாத அரிய கூட்டமாக இருந்தவை. அதனால் இங்கே நோயுற்ற ஒன்றைப் பார்ப்பது மிக முக்கியமான தகவல். தடுப்பூசி ஒன்றுக்கு 2025 செப்டம்பரில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் காட்டில் திரிகிற ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

பதிவை மாநில அரசின் பயோநெட் தரவுத்தளத்திலோ, யார் வேண்டுமானாலும் உயிரினங்களைப் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ போடுங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் கோவாலா ஸ்பாட்டர் செயலியும் இருக்கிறது. அதே கோவாலாவை அடுத்த மாதம் மறுபடி பார்த்தாலும் மறுபடி போடுங்கள். சாலையோரம் செத்துக் கிடந்தால் அதையும் கட்டாயம் போடுங்கள். எங்கே கடக்கின்றன என்பதைக் காட்டும் வலுவான சாட்சி அதுதான். வயிற்றில் பை இருந்தால் உள்ளே குட்டி உயிரோடு இருக்கலாம், உடனே வனவிலங்குகளை மீட்கும் வயர்ஸ் அமைப்பைக் கூப்பிடுங்கள். அடிபட்டதை நீங்களே தூக்க வேண்டாம். பாட்டிலிலிருந்து வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அப்புறம், சந்தேகமாக இருந்தால் பதிவு செய்யாதீர்கள். ஒரு பொய்ப் பதிவு நூறு உண்மைப் பதிவுகளின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

பதிவு மட்டும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது குரல் கொடுக்க வேண்டும். 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. தோலுக்காக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோவாலாக்கள் கொல்லப்பட்டன. தேவாலயங்கள், பத்திரிகைகள், சாதாரண மக்கள் எல்லாரும் கொதித்தெழுந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே அப்படி ஒரு வேட்டைக் காலம் வரவில்லை. நம் காலத்திலும் நடக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் வடக்குக் கடற்கரையில் பெரிய கோவாலா தேசியப் பூங்கா வேண்டும் என்று பத்து வருடத்துக்கும் மேலாகக் கேட்டார்கள். 2025 செப்டம்பரில் 1,76,000 ஹெக்டேர் அரசுக் காட்டை அதில் சேர்ப்பதாக அரசு அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் நிறுத்தியது. 12,000க்கும் மேற்பட்ட கோவாலாக்கள் வாழும் காடு அது.

எங்கள் அப்பின் சாலையிலும் அப்படித்தான். எத்தனையோ கோவாலாக்கள் அங்கே அடிபட்டுச் செத்த பிறகு, உள்ளூர் மக்கள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் சாலைக்கு அடியில் கடவுப்பாதைகள் கட்ட அரசு ஒப்புக்கொண்டது. கோவாலாக்கள் நடமாடும் வழித்தடங்கள் சராசரியாக 390 முதல் 425 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று மாநிலத் தலைமை விஞ்ஞானியின் அலுவலகம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு புதுத் திட்டம் வரும்போதும் இந்த எண்ணைக் கேளுங்கள். ஒரு இடத்தில் குறுகினாலும் ஏன் என்று கேளுங்கள்.

இந்தப் பக்கம் வரும் புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்குகிறவர்களில் நம் குடும்பங்களும் இருக்கின்றன. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, எல்லாருக்கும் வீடு வேண்டும். ஆனால் ஏஜெண்டிடம் சமையலறை அளவைக் கேட்கிற அதே நேரத்தில் வழித்தடம் எங்கே போகிறது, கோவாலா வேலி இருக்கிறதா என்றும் கேட்கலாமே. நாய் இருந்தால் இரவில் உள்ளே வையுங்கள்.

திட்டங்கள் பொதுப் பார்வைக்கு வரும்போது கருத்து அனுப்பக் குடியுரிமை தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவரும் எழுதலாம். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. யாரோ எழுதியதை நகலெடுத்து அனுப்புவதைவிட, ‘இந்தத் தேதியில், இந்த மரத்தில் பார்த்தேன், பதிவு செய்திருக்கிறேன்’ என்று சொந்தமாக எழுதிய நாலு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை அவை துணை தேடி, புது இடம் தேடி அதிகம் நடமாடும் காலம். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு அப்பின் சாலையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பழைய படங்கள் போனில் இருந்தால் இன்றே தேடிப் பாருங்கள், தேதியும் இடமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும், அவற்றையும் பதிவு செய்யலாம். எப்படி என்று தெரியாவிட்டால் இன்பாக்ஸில் கேளுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.