பள்ளிக்கூடத்துக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்கிறவர்களுக்கு

போன வாரம் ஒரு கல்யாணத்தில் என்கூடப் படித்தவனைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பேச்சோடு பேச்சாக, "நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்யணும்டா. ஐம்பதாயிரம் ஒதுக்கி வெச்சிருக்கேன். என்ன வாங்கித் தரலாம், சொல்லு" என்றான். நல்ல மனசு. அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்த எத்தனையோ பேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. "முதல்ல வாத்தியாரைப் போய்க் கேளு" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது. சொல்ல நினைத்த மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங், அதாவது எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைப் புதுசாகச் சுற்றித் தருவது. பொள்ளாச்சிப் பக்கம் 22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். தோப்புக்காரர்களின் பம்ப்செட், கம்ப்ரசர், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம், பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியர் கடைக்கு வந்தார். பிளஸ் டூவில் அடிப்படை மின் பொறியியல் எடுத்த பிள்ளைகளுக்கு உள்ளுறைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, ஒரு தொழில் நடக்கிற இடத்தில் பத்து நாள் இருந்து பார்க்க வேண்டும், மூன்று பேரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அதற்கு முன்னால் நாலைந்து கம்பெனி ஏறி இறங்கியிருக்கிறார். எல்லா இடத்திலும் கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் முகம் சிவந்து நின்றவரைப் பார்த்து எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். ஒருவனுடைய அப்பா தேங்காய் பறிக்க மரம் ஏறுகிறவர். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. முதல் இரண்டு நாள் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகவே நின்றார்கள். எதைத் தொட்டாலும் திட்டு விழும் என்ற பயம்.

மூன்றாம் நாள் ஒரு 5 எச்பி மோட்டாரைப் பிரித்தேன். மூன்று லைனில் கரண்ட் வாங்குகிற மூன்று பேஸ் மோட்டார், ஒரு பேஸுக்கு ஒரு சுற்று; மூன்று சுற்றின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்த்த ஸ்டார் கனெக்‌ஷன். வைண்டிங் செலவைக் கேட்டதும், அதற்குப் புதுசே வாங்கிக்கொள்கிறேன் என்று தோப்புக்காரர் விட்டுவிட்டுப் போனது. கவரைக் கழற்றியதும் வார்னிஷ் கருகின வாடை கடை முழுக்கப் பரவியது. செம்புக் காயில் சுற்றியிருக்கிற, சுழலாத வெளிப்பாகமான ஸ்டேட்டரைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். வட்டமாகப் பார்த்தால் இரண்டு கட்டுக் காயில் கரிக்கட்டை மாதிரி. அதற்கு அடுத்த கட்டு பளபளவென்று செம்பு நிறத்தில் அப்படியே இருக்கிறது. மறுபடி இரண்டு கருப்பு, மறுபடி ஒன்று செம்பு.

எனக்கு இது தினம் பார்க்கிற காட்சி. அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இது ஏன் முழுசாக் கருகலீங்க?" என்றாள்.

பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நோட்டில் மூன்று பேஸ் வரைந்து பாருங்கள், ஒரு லைனை அழித்துவிட்டு யோசியுங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்று தலையும் ஒரு நோட்டுக்கு மேல் கவிழ்ந்தது. கால்மணி நேரம் இருக்கும். மரம் ஏறுகிறவர் பையன்தான் முதலில் நிமிர்ந்தான். "லைன் போன பேஸ்ல கரண்டே ஓடலைங்கண்ணா, அதான் அது தப்பிச்சிருச்சு. மத்த ரெண்டும் அதோட வேலையும் சேர்த்து இழுத்து எரிஞ்சிருக்குங்க." இப்படி மூன்றில் ஒரு லைன் போவதைச் சொல்கிற சிங்கிள் பேஸிங் என்ற சொல்லை அதுவரைக்கும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவன் கண்டுபிடித்த பிறகுதான் பெயரைச் சொன்னேன். அன்றைக்கு அவன் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

சாயங்காலம் ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்துப் போக வந்தார். அதே ஸ்டேட்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கருகின காயிலைத் தடவிப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா மூணு பேஸை போர்டுல கோடு போட்டுத்தானுங்க நடத்தறேன். இப்படி ஒண்ணைக் கையில வெச்சு நடத்துனதில்லீங்க. இதை நான் எடுத்துட்டுப் போகலாங்களா?" என்றார். பழைய செம்புக்குக் கிலோ கணக்கில் காசு கிடைக்கும், அது அவருக்கும் தெரியும். அதனால்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினெட்டு வருஷம் பாடம் நடத்துகிற ஒருவருக்கு, அவர் பள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கிற என் கடையில் மூலையில் குவிந்து கிடப்பது தேவைப்பட்டிருக்கிறது. நான் கொடுத்ததில்லை, ஏனென்றால் என்ன வேண்டும் என்று நான் அவரைக் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்கலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அரசுப் பள்ளிக்கு உதவ நினைக்கிறவர்கள் ஆசிரியரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் செய்கிறோம், பள்ளிக்குச் செய்கிறோம் என்கிறோம். நடுவில் இருக்கிற மனிதரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. ஒரு பள்ளியில் என் கண்ணால் பார்த்தேன், பெயர் வேண்டாம். ஒரு கம்பெனி அறிவியல் உபகரணப் பெட்டிகள் கொடுத்தது. கொடுக்கிற அன்றைக்குப் பிள்ளைகள் காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பீரியட் போய்விட்டது. பேனர், சால்வை, போட்டோ எல்லாம் முடிந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எப்படி வகுப்பில் பயன்படுத்துவது என்று அந்த அறிவியல் டீச்சரிடம் யாரும் பத்து நிமிஷம் பேசவில்லை. ஒரு வருஷம் கழித்து நான் மின்விசிறி சரிசெய்யப் போனபோது அந்தப் பெட்டிகள் பீரோவில் டேப் பிரிக்காமலே இருந்தன. டீச்சர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏற்கெனவே எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, விவரம் கேட்டு வருகிற கடிதங்கள், பயிற்சிக் கூட்டங்கள் என்று அவர்கள் நேரம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. உதவி என்ற பெயரில் நாமும் போய் இன்னொரு நாளை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தாங்குவது நமக்குப் புதிதில்லை. 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு பொதுமக்கள் தந்த அரிசியும் காய்கறியும் கொண்டுதான் தொடங்கியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அந்த மாநாடுகளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முதலில் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டார்கள். அதை ஊர்க்காரர்கள் முன்னால் வைத்தார்கள். பெஞ்ச் தருகிறவர் பெஞ்ச் தந்தார், இடம் தருகிறவர் இடம் தந்தார். தேவை முதலில், தருகிறவர் பிறகு. இப்போதும் 2022 டிசம்பரில் தொடங்கின 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்கிற, அரசுப் பள்ளிகளுக்கு வெளியிலிருந்து உதவுகிற திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். என் நண்பனைப் போன்றவர்கள் போய் உட்கார வேண்டிய இடம் அது. ஐம்பதாயிரத்தைவிட அவன் அந்தக் கூட்டத்தில் மாசம் ஒரு மணி நேரம் உட்காருவது பெரிய உதவி.

கையால் செய்து கற்பதற்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கின வானவில் மன்றத்தில், கருத்தாளர்கள் வண்டியில் பொருள்களை வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கும் சோதனை செய்து காட்டுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியில் என் கொழுந்தியா தன்னார்வலராக இருந்தாள். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலம் திண்ணையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு புளியங்கொட்டையில் கூட்டல் சொல்லிக்கொடுப்பாள். அவள் பேச்சில் ஒன்றைக் கவனித்தேன். பள்ளி ஆசிரியரோடு போனில் பேசிக்கொள்கிற வாரங்களில் பிள்ளைகள் வேகமாக முன்னேறின. பேசாத வாரங்களில் அவள் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம் என்று இழுத்தது.

அறிவியல் இயக்கத் தோழர் ஒருவர் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம். மனப்பாடம் கிடையாது, எல்லாம் சோதனைதான். பூவைப் பிரித்துப் பார்ப்பார்கள், பேட்டரி செல்லில் பல்பு எரிய வைப்பார்கள். அங்கே எனக்கு முக்கியமாகப் பட்டது, ஆசிரியர்கள் மாசம் ஒருமுறை கூடிப் பேசியது. எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லை, பிள்ளை கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று ஒருவருக்கொருவர் கூச்சமில்லாமல் பேசியிருக்கிறார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 30 வருஷம் நடந்ததை 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. கேட்டபோது வயிறு எரிந்தது.

சரி, தொழிற்கல்வி என்றதும் இங்கே ஒரு சந்தேகம் வரும். வரவேண்டியதுதான். 1953-ல் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததும், குலக்கல்வி என்று சொல்லி இந்த நாடு கொதித்ததும், 1954-ல் காமராஜர் வந்து அதை எடுத்ததும் நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிற கதை. என் அப்பாவே சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் நான் மூன்று பேரின் அப்பா அம்மா வேலையை மேலே எழுதினேன். மரம் ஏறுகிறவர் பிள்ளை மரம் ஏறப் பழக வரவில்லை. அவர்கள் வீட்டில் யாருமே தொட்டிராத ஒன்றைத் தொட வந்தான். படிப்பை விட்டுவிட்டு வரவில்லை, படிப்பின் பகுதியாக வந்தான். இந்தக் கோடு எங்கேயாவது அழிந்தால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன்.

இன்னொரு கோடும் உண்டு. பயிற்சிக்கு வருகிற பிள்ளை சம்பளமில்லாத எடுபிடி கிடையாது. டீ வாங்கிவரச் சொல்வது, கடை கூட்டச் சொல்வது, லோடு இறக்கச் சொல்வது எதுவும் கூடாது. பதினெட்டு வயசு ஆகாதவர்கள். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் அபாயகரமான தொழில்களில் அவர்களை வைக்கக் கூடாது என்கிறது. என் கடையில் அவர்கள் மெயின் சப்ளையில் கைவைக்கவில்லை. வார்னிஷ் சூடாக்குகிற இடத்துக்கு விடவில்லை. காயில் சுற்றினார்கள், ஸ்லாட்டுக்கு இன்சுலேஷன் பேப்பர் வெட்டினார்கள், மல்டிமீட்டரில் பார்த்து எழுதினார்கள். அதுவே பத்து நாளுக்கு நிறையத்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே இந்தத் தொழிற்கல்விப் பிரிவுகளும் வந்துவிட்டன. இன்றைக்குப் பல பள்ளிகளில் அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடம் நிரப்பப்படுவதில்லை, பிரிவே மெதுவாக மூடப்படுகிறது. மார்க் குறைந்தவர்களை அனுப்புகிற குரூப் என்று பேர் வேறு. அந்தப் பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம் என்பதே நிறைய பெற்றோருக்குத் தெரியாது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்மோட்டார் செய்து காட்டிய மாவட்டம் இது. இங்கே ஒரு பள்ளியில் மின் பொறியியல் வகுப்பு ஆசிரியர் இல்லாமல் பூட்டிக் கிடந்தால், அது அந்தப் பள்ளியின் பிரச்சினை மட்டும்தானா? மோட்டார் விற்கிறவர்கள், வைண்டிங் செய்கிறவர்கள், எலக்ட்ரீஷியன் சங்கங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டாமா? நாம் போய் வாரம் ஒருநாள் உதவலாம், ஆனால் ஆசிரியருக்குப் பதிலாக நிற்க முடியாது. பணியிடத்தை நிரப்புங்கள் என்று கேட்பதும் பள்ளிக்குச் செய்கிற உதவிதான்.

நண்பனுக்கு மறுநாள் போன் பண்ணிப் பேசினேன். அவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஐம்பதாயிரத்தை அப்படியே வைத்துக்கொள், முதலில் சனிக்கிழமை ஒருநாள் நம் பள்ளிக்குப் போய் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசு, என்ன பாடம் நடத்த எது இல்லாமல் கஷ்டப்படுகிறார் என்று கேள், முடிந்தால் அவரையே ஒருநாள் உன் பட்டறைக்குக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டு என்றேன். ஆசிரியர் வந்து பார்த்துவிட்டுப் போன தொழிலிடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப அவருக்கும் தைரியம் வரும். "வாத்தியார் வருவாராடா?" என்றான். வருவார். எங்கள் ஆசிரியர் இப்போது மாசம் ஒரு தடவையாவது வருகிறார். சில நாள் எனக்கு அவர் சொல்லித் தருகிறார். கேபாசிட்டர் ஏன் அந்த அளவில் போடுகிறோம் என்று 22 வருஷம் பழக்கத்தில் செய்ததற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இந்த வருஷத்துக்கு மூன்று ஸ்டேட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். சிங்கிள் பேஸிங்கில் போனது ஒன்று, தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனது ஒன்று, பேரிங் தேய்ந்து, உள்ளே சுழல்கிற ரோட்டர் உரசியது ஒன்று. எதில் என்ன ஆனது என்று அட்டை எதுவும் கட்ட வேண்டாம், பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஜூனில் பள்ளி திறந்ததும் வந்து எடுத்துப் போவார். இந்தத் தடவை மூன்றும் எக்ஸ்எல்லில் போகாது, என் ஆட்டோவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்று இருக்கிறேன்.