ஜான் ஸ்னோவின் காலரா வரைபடம்: முதலில் வந்தது எது?

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்த மாத்திரத்தில் பிராட் தெரு அடிகுழாயே காரணம் என்று கண்டுபிடித்தார் எனப் புவியியல் ஆய்வு முறைகளைப் பற்றிய குறிப்புகள் பலவற்றில் சொல்லப்படுகிறது. இது சரியன்று. ஸ்னோ சொன்னதன் பேரில், யாரும் தண்ணீர் எடுக்காதபடி குழாயின் கைப்பிடி அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்றே கழற்றப்பட்டது; புகழ்பெற்ற அந்த வரைபடமோ அதற்குப் பின்னரே உருவாகி, 1855இல் அச்சில் வந்தது. காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்ற கருத்தை அவர் 1849லேயே எழுதியிருந்தார்.

அவரை முடிவுக்குக் கொண்டுசென்றது கள விசாரணைதான். பதிவாளர் அலுவலகத்தில் 83 இறப்புகளின் பட்டியலைப் பெற்று, நேரில் சென்று, யார் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டறிந்தார். வேறு குழாய்க்குத் தெளிவாக அருகிலிருந்த வீடுகளில் நேர்ந்த இறப்புகள் 10 மட்டுமே; அவற்றிலும் 5 பேரின் குடும்பத்தார், தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று எப்போதும் பிராட் தெருவுக்கே ஆள் அனுப்பியதாகச் சொன்னார்கள். வரைபடத்தில் தெரியாத இந்தப் பதில்களை விட்டுவிட்டு மாணவர்களுக்குப் புள்ளிகளை மட்டும் காட்டுவது, ஆய்வின் உயிரான பகுதியை மறைப்பதாகும். குழாய்க்கு அருகிலேயே இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தும் எவரும் காலராவால் இறக்கவில்லை என்பதற்கான காரணத்தையும் ஆலை உரிமையாளரிடம் கேட்டே அவர் அறிந்தார்: தொழிலாளர்களுக்கு அங்கேயே பீர் வழங்கப்பட்டது, ஆலைக்குள் ஆழமான கிணறும் இருந்தது, தெருக்குழாயை அவர்கள் நாடவே இல்லை.