மண்ணைக் கொட்டினா தீவு தப்பிச்சிடுமா?
மாலத்தீவு கடல்மட்டம் ஏறுறத சமாளிக்க செயற்கைத் தீவு கட்டுறது சூப்பர் ஐடியான்னு கட்டுரையில எழுதிருக்கீங்க, நான் அங்க ஒரு ரிசார்ட்ல நாலு வருஷம் கிச்சன்ல வேலை பார்த்தவன், பாதிதான் ஒத்துக்குவேன். தலைநகர் மாலே பக்கத்துல மண்ணு கொட்டி உருவாக்குன தீவு ஹுல்ஹுமாலே, 1997ல ஆரம்பிச்சது, கடல்மட்டத்துல இருந்து சுமார் 2 மீட்டர் உயரம், மத்த தீவுங்க முக்கால்வாசி 1 மீட்டர் கூட இல்ல, அதனால ஜனங்களுக்கு அது தேவைதான், மாலேல இருக்குற நெரிசலப் பார்த்தா புரியும். ஆனா மண்ணு எங்கிருந்து வருது? பக்கத்துக் கடலடியில இருந்துதான் டிரெட்ஜர் வச்சு உறிஞ்சி எடுக்குறாங்க. டிரெட்ஜர் ஓடுற நாள்ல கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி அரிசி கழுவுன தண்ணி மாதிரி ஆயிடும், அந்தச் சேறு மெதுவா பவளப்பாறை மேல படிஞ்சு, வெயிலே படாம அதுல இருக்குற பவள உயிருங்க மூச்சு முட்டி சாகும். பாறை போச்சுன்னா அலையத் தடுக்குறது யாரு? இன்னொண்ணு, கிளிமீன் பவளப்பாறையக் கொறிச்சுப் போடுறதுதான் அங்க நிறைய மணலாவே ஆகுது (ஆமா, அந்த வெள்ளை பீச் பாதி மீனோட கழிவுதான், ஹனிமூன் ஜோடிங்க கிட்ட சொல்லிடாதீங்க), அதுவும் போச்சுன்னா தீவு தானா வளர்றதும் நின்னுடும். 2009ல நஷீத் அதிபரா இருந்தப்ப மந்திரிங்களக் கூட்டிட்டுப் போய் கடலுக்கடியில கேபினட் மீட்டிங் போட்டு, கடல் ஏறுனா எங்க நாடு முழுகிடும்னு உலகத்துக்கே காட்டுனாரு. அப்படிப்பட்ட நாட்டுல வீட்டுக்காக மண்ணு கொட்டுனா சரி, ரிசார்ட்டுக்காகவும் லகூன (பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்குற ஆழமில்லாத கடல) ரொப்புறாங்களே, அதப் பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்லையே சார்?