பால் பாக்கெட் வரும் வரை
சபை ஊழியம் கூடக்கூட தனி ஜெபம் குறைகிறது என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். அது அப்படியே என் கதை. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, கன்வென்ஷன் கூட்ட வேலை என்று ஓடினேன். வேதத்தைத் திறந்ததே பாடம் தயாரிக்கத்தான். மாற்கு சுவிசேஷம் 1-ஆம் அதிகாரம்தான் என்னை நிறுத்தியது. கப்பர்நகூம் ஊரில் முந்தின சாயங்காலம் பட்டணமே இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. ஆனாலும் அவர் இருட்டோடு எழுந்து, வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீடன் சீமோன் வந்து சொல்லியும் அந்தக் கூட்டத்திடம் உடனே திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போனார்! இப்போது நாலரை மணிக்கு எழுந்து, செல்போனை ஹாலிலேயே விட்டுவிட்டு, அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்கிறேன். பால் பாக்கெட் வரும் வரை நானும் ஆண்டவரும் மட்டும். சில நாள் ஒரு சங்கீதம் வாசிப்பேன். சில நாள் வார்த்தையே வராது, கண்ணீர்தான் வரும்.