ரீசேல் பாத்து கார் வாங்கறவனைக் கேவலமா பேசாதீங்க

ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் எழுதறேன். நம்ம தம்பி ஒருத்தன் புதுசா மாருதி வேகன் ஆர் கார் எடுத்து ஃபேஸ்புக்ல போட்டோ போட்டிருந்தான்ல, அதுக்குக் கீழ என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்திருப்பீங்க. மறுபடி முழுசா சொல்லப் போறதில்ல, ஒண்ணே ஒண்ணு மட்டும். அவங்கம்மா ஆரத்தித் தட்டோட வண்டி முன்னாடி நிக்கறாங்க, அந்தப் படத்துக்குக் கீழ ஒருத்தர், சேஃப்டி இல்லாத வண்டின்னு குத்திக்காட்டி, "சவப்பெட்டிக்கு எதுக்கு ஆரத்தி"ன்னு எழுதறார், அதுக்கு வரிசையா சிரிப்பு வேற. அந்தம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அவங்க போன்லயும் ஃபேஸ்புக் இருக்கு.

அவன் பண்ண தப்புதான் என்ன? "ஏன் இந்த வண்டி"ன்னு கேட்டாங்க, "பட்ஜெட்டுக்கு வந்துச்சுண்ணே, நாளைக்கு வித்தாலும் காசு நிக்கும்"னு உள்ளதச் சொன்னான். உடனே கஞ்சன்ங்கறாங்க, காசுக்காகக் குடும்பத்தையே பணயம் வைக்கறவன்ங்கறாங்க. அப்பா இல்லாத வீட்ல தங்கச்சி கல்யாணத்த முடிச்சிட்டு அதுக்கப்புறம்தான் வண்டி எடுக்கணும்னு இருந்தவன் அவன், அது தெரியாம பேசறாங்க.

ரீசேல், அதாவது திரும்ப வித்தா என்ன வரும்னு பாக்கறது, கஞ்சத்தனம் இல்லங்க. மாசச் சம்பளம் வாங்கற வீட்ல, வீடு நகைக்கு அடுத்தபடியா பெரிய தொகை போய் உக்கார்ற இடம் கார்தான். நகை எடுக்கப் போனா செய்கூலி எவ்ளோ, சேதாரம் எவ்ளோ, நாளைக்கு அடகு வச்சா எவ்ளோ குடுப்பான்னு நாலு கடை ஏறி இறங்கறோம், அத யாரும் கேலி பண்றதில்ல. கார்லயும் அதே செய்கூலி சேதாரம் இருக்கு. தமிழ்நாட்ல 2023 நவம்பர்லருந்து, 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு, பதியும்போது ஒரே தடவையா கட்டற லைஃப் டேக்ஸ் 13 சதவீதம், அதத் தாண்டி 20 லட்சம் வரைக்கும் 18. அதாவது 7 லட்ச ரூபா வண்டிக்கு 91,000, 12 லட்ச ரூபா வண்டிக்கு 2,16,000. இந்தக் காசு போனா போனதுதான். மேல ஆக்சஸரீஸ், முதல் வருஷ இன்சூரன்ஸ், எதுவும் திரும்பி வராது. வண்டி இப்ப எவ்ளோ பெறும்னு இன்சூரன்ஸ்காரன் போடற ஐடிவி கணக்குலயே 4 வருஷம் தாண்டி அஞ்சாவது வருஷத்துக்கு வந்துட்டா பாதி மதிப்பு காலி. இவ்வளவும் போனப்புறம் கைல என்ன மிஞ்சும்னு வாங்கும்போதே ஒருத்தன் யோசிச்சா அவன் விவரமானவன்.

எங்க வீட்டுக் கதையச் சொல்றேன். அப்பா ஒரு டீசல் டிசையர் வச்சிருந்தார். ஃபியட் டிசைன் பண்ண அந்த 1.3 இன்ஜின் வண்டி, மாருதி, டாடா, ஃபியட்னு எத்தனையோ வண்டில ஓடின இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படி. சொந்தக்காரங்க வந்தாலே "என்ன மாமா, டாக்சி மாதிரி இருக்கு"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அப்பா ஒண்ணும் பேச மாட்டார். அம்மாவுக்கு பைபாஸ் பண்ணணும்னு மதுரைல சொன்னப்போ கைல இருந்த பணம் பத்தல, இன்சூரன்ஸ் லிமிட்டும் முடிஞ்சிடுச்சு. அப்பா திருமங்கலத்துல பழைய கார் வாங்கி விக்கற, தெரிஞ்ச கன்சல்டிங்காரர் ஒருத்தருக்கு போன் அடிச்சார். அவர் வந்து பானட்டத் தூக்கிப் பாத்தார், கதவு ஓரத்து ரப்பர் பீடிங்க இழுத்து ஒரிஜினல் பெயிண்டான்னு பாத்தார், சர்வீஸ் ரெக்கார்ட புரட்டினார், "சிங்கிள் ஓனர்தானண்ணே?"ன்னு ஒரு கேள்வி, அவ்வளவுதான். மறுநாள் அப்பா அக்கவுண்ட்ல பணம். அம்மா இப்ப நல்லா இருக்காங்க. அந்த வண்டி போனப்ப அப்பா தெரு முக்கு வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னார், அதனால ரீசேல் பாக்கறவனுக்குக் கார் மேல பாசம் கிடையாதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.

அதே சமயம் எங்க சித்தப்பா ஒரு வெளிநாட்டு கம்பெனி வண்டி வச்சிருந்தார், என்ன கம்பெனின்னு வேண்டாம். ஓட்ட அருமையான வண்டி, அதுல சந்தேகமே இல்ல. விக்கணும்னு நின்னப்ப மாசக்கணக்குல ஆள் வரல. வந்தவங்களும் "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா சார்"னு கேட்டுட்டு பாதி விலைக்கும் கீழ கேட்டாங்க. அவருக்கும் அவசரம்தான்.

"அது ஏதோ ஒருத்தருக்கு நடந்தது"ன்னு சொல்வீங்க. செவ்ரோலே 2017 கடைசில இந்தியால விக்கறத நிறுத்துச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இனிமே இங்க கார் தயாரிக்க மாட்டோம்னு அறிவிச்சுது, 2022ல நம்ம மறைமலை நகர் ஃபேக்டரில லைன் நின்னுச்சு. டட்சனும் அதே 2022ல கிளம்பிடுச்சு. இந்த வண்டிங்க எல்லாம் மோசம்னு நான் சொல்லல. ஃபோர்டு ஈகோஸ்போர்ட்ட ஓடற வரைக்கும் ஓட்டப் போறேன்னு செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவருக்கு அது நல்ல பேரம்தான். ஆனா புதுசா முழு விலை குடுத்து எடுத்து, அஞ்சாறு வருஷத்துல விக்க வேண்டி வந்தவன் நிலைமைய யோசிங்க. கம்பெனிக்காரன் கிளம்பிட்டான், இஎம்ஐ கிளம்பல.

சரி, இப்ப சேஃப்டிக்கு வருவோம், எல்லாரும் அதத்தான் தூக்கிட்டு வருவீங்க. வண்டிய மோத விட்டுப் பாத்து 5க்கு இத்தனை ஸ்டார்னு குடுக்கற குளோபல் என்கேப் டெஸ்ட்ல வேகன் ஆர் 2019ல 2 ஸ்டார், 2023ல 1 ஸ்டார். தெரியும், மறைக்கல. 2025ல 6 ஏர்பேக் எல்லா வேரியன்ட்லயும் குடுத்துட்டாங்க, ஆனா பாடியோட வலிமை வேற விஷயம், அதுவும் தெரியும். டாடா நெக்ஸான் 2018லயே 5 ஸ்டார் வாங்குச்சு, சந்தோஷம், டாடாவுக்கு அந்தப் பெருமை சேரணும். ஆனா தம்பி கைல இருந்த பணத்துக்கு அடுத்த சாய்ஸ் நெக்ஸான் இல்லங்க, அவன் பைக்தான். பொண்டாட்டி, கைக்குழந்தை, அம்மா, இத்தனை பேர ரெண்டு டிரிப்பா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனவன் அவன். அந்த பைக்குக்கு எத்தனை ஸ்டார்? அப்ப யாரும் சவப்பெட்டின்னு எழுதலயே. உண்மையாவே உயிர் மேல அக்கறை இருந்தா ஏன் இன்னும் ஸ்டார் இல்லாத வண்டிய விக்க விடறீங்கன்னு கம்பெனிய கேளுங்க, கவர்மென்ட்ட கேளுங்க. 2024ல மாருதியோட புது டிசையர் 5 ஸ்டார் வாங்குச்சுல்ல, அப்ப அவங்களுக்குப் பண்ணத் தெரியும்னுதான அர்த்தம்? சின்ன வண்டிக்கும் பண்ணுங்கன்னு சண்டை போடுங்க, நானும் வரேன். வாங்கினவன் வீட்டு வாசல்ல வந்து ஏன் சண்டை?

"ரீசேல் கணக்கே நிலையில்ல, 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைச்சதும் பழைய வண்டி விலையும் சேந்து விழுந்துச்சே"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சின்ன கார் வரி 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தது ஒரே நாள்ல 18க்கு வந்தா பழசு இறங்கத்தான் செய்யும். ஆனாலும் வாங்க ஆள் இருக்கற வண்டி கைமாறிட்டேதான இருந்துச்சு. எலெக்ட்ரிக் எடுக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு, எடுங்க, வீட்ல சார்ஜ் போட இடம் இருந்தா நல்லதுதான், வாடகை வீட்டு மாடில இருக்கறவன்கிட்ட அதச் சொல்லாதீங்க.

எனக்கு நிஜமா வலிக்கறது வேற ஒண்ணு. இன்னோவா வச்சிருக்கறவர் "எத்தனை வருஷம் ஓட்டினாலும் விலை நிக்கும்யா"ன்னு சொன்னா அத பிசினஸ் மூளைங்கறோம், அதே வார்த்தைய வேகன் ஆர் வச்சிருக்கறவன் சொன்னா கஞ்சன். டாடா நானோவுக்கும் இதத்தான் பண்ணோம். 2008ல 1 லட்ச ரூபா கார்னு அறிவிச்சப்ப ஊரே கொண்டாடுச்சு, வாங்கினவன் தெருவுல வந்தா ஆட்டோன்னு சிரிச்சோம். அந்த வண்டில குறை இருந்துச்சு, 2014 டெஸ்ட்ல ஸ்டாரே வாங்கல, அது வேற. ஆனா "ஏழைங்க கார்"ங்கற அந்தப் பேருக்கு பயந்தே எத்தனை பேர் ஷோரூம் பக்கம் போகல. பேங்க் வாசல்ல மூணு மாசம் அலைஞ்சு லோன் வாங்கினவனுக்கு அந்த வண்டிய எடுத்த அன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்கற உரிமை கூடவா இல்ல?

இன்பாக்ஸ்ல நாலஞ்சு பேர் என்ன எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. எட்டு பத்து வருஷம் வச்சு ஓட்டறதா இருந்தா ரீசேல விடுங்க, புடிச்ச வண்டிய எடுங்க, சேஃப்டி ரேட்டிங்க முதல்ல பாருங்க. நாலஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வரலாம், குடும்பத்துல செலவு இருக்குன்னா நம்ம ஊர் மெக்கானிக்கே பாக்கற மாதிரி ஓடற மாடலா எடுங்க. நடு வேரியன்ட் போதும், டாப் மாடலுக்குக் குடுக்கற எக்ஸ்ட்ரா காசு விக்கும்போது அவ்வளவா திரும்பாது. வெள்ளை சில்வர்னா சீக்கிரம் போகும். சர்வீஸ் பில்ல தூக்கிப் போடாதீங்க. லோன் முடிஞ்ச கையோட பேங்க்ல பாக்கி இல்லன்னு குடுக்கற என்ஓசி வாங்கி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஃபார்ம் 35 குடுத்து ஆர்சில இருந்து பேங்க் பேர எடுத்துடுங்க. ஆஸ்பத்திரில பணம் கட்டச் சொல்ற அன்னிக்கு அந்த ஒரு பேப்பருக்காக ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நிக்க முடியாது.