ரெஸ்யூமை யாருக்கு அனுப்பணும் அக்கா?

போன வாரம் சட்டக் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண் மெசஞ்சரில் கேட்டாள்: "அக்கா, நான் சென்னைக்குப் போகலை, நம்ம மாவட்டத்துலயே பிராக்டிஸ் பண்ணப் போறேன். ரெஸ்யூமை யாருக்கு அனுப்பணும்?" படித்ததும் சிரித்துவிட்டேன். பாவம், அவள்மேல் தப்பில்லை. 2017-ல் சென்னையிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது நானும் ஏழு சீனியர் வக்கீல்களுக்கு மெயிலில் ரெஸ்யூம் அனுப்பியவள்தான். ஒரு பதில்கூட வரவில்லை. அதில் நாலு பேருடைய மெயில் பாஸ்வேர்டு ஜெராக்ஸ் கடைப் பையனுக்கு மட்டுமே தெரியும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். விருதுநகர் மாவட்டத்துக்கு கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில், முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். சிவகாசி, ராஜபாளையம், சாத்தூர் என்று சுற்றிலும் முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட். எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருக்கும் வக்கீல் வட்டம். இங்கே "வேலை காலி" என்று யாரும் போர்டு மாட்டுவதில்லை, விளம்பரம் கொடுப்பதில்லை. ஒரு ஜூனியர் கல்யாணமாகிப் போனாலோ, தனியாக ஆபீஸ் போட்டாலோதான் அடுத்தவருக்கு இடம். அந்த இடம் காலியாகப் போவது சீனியருக்கு முன்னால் குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டில் வழக்கு கூப்பிடும்போது ஓட ஆளில்லாமல் முதலில் திண்டாடுபவர் அவர்தான். எனக்கு இடம் கிடைத்ததும் ஒரு குமாஸ்தா அண்ணாச்சியால்தான். நகல் மனு போட வந்த இடத்தில் பழக்கம், டீக்கடையில் பேச்சு, "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வாம்மா, சாரைப் பாரு". நேர்காணல் முடிந்தது.

அதனால் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது, ரெஸ்யூமை வை, ரெண்டு வாரம் கோர்ட்டில் வந்து உட்கார். அதற்கு முன் வீட்டிலிருந்தே ஒரு காரியம் செய்யலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவருக்கு எந்தக் கோர்ட்டில் என்ன மாதிரி வழக்குகள் இருக்கின்றன என்று வந்துவிடும். சிவில்தான் பிடிக்கும் என்றால் பாகப்பிரிவினை, நிரந்தர உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்யக் கூடாதென்று கோர்ட் போடும் தடை) வழக்குகள் நடத்துபவர் யார் என்று பார்த்துக்கொள். ஆனால் எண்ணிக்கையை நம்பி ஏமாந்துவிடாதே. நூறு வழக்கு வைத்திருப்பவர் நூறிலும் வாய்தா மட்டுமே வாங்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரில் உட்காரச் சொல்கிறேன். சாட்சிக் கூண்டுக்கு எதிரே நின்று யார் குறுக்கு விசாரணை செய்கிறார், அப்போது ஜூனியர் கையில் வழக்குக் கட்டு இருக்கிறதா, இல்லை ஜூனியர் வெளியே கட்சிக்காரருக்கு டீ வாங்கப் போயிருக்கிறாரா, அதைக் கவனி. ஜூனியர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் சேம்பரே, அதாவது சீனியர் ஆபீஸே, நல்லது என்பது என் கட்சி. அஞ்சாவது ஜூனியருக்கு வாய்தா வாங்கும் வேலைதான் மிஞ்சும்.

சென்னையில் ரெண்டு வருஷம் தம்புச் செட்டித் தெருவில் ஒரு ஆபீஸில் இருந்தேன். பெரிய சீனியர், பெரிய வழக்குகள், நான் நீதிபதி முன்னால் வாய் திறந்து சொன்னது பெரும்பாலும் "பாஸ் ஓவர்" மட்டும், அதாவது வழக்கைக் கொஞ்சம் கழித்து எடுங்கள் என்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலாவது மாதமே சீனியருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், ஒரு கிராம நிர்வாக அலுவலரைக் குறுக்கு விசாரணை செய்ய நேர்ந்தது. கால் நடுங்கியது. அஞ்சே கேள்வி. அடங்கலில் (நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) கையெழுத்துப் போடுமுன் அந்த நிலத்துக்கு நேரில் போகவில்லை என்று அவர் வாயாலேயே வந்தபோது உள்ளுக்குள் நான் தேர் இழுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றுக்காகவே சின்ன ஊர் கோர்ட்டைச் சொல்வேன்.

இப்போது வருகிறவர்களுக்கு எனக்கு இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. 2024 ஜூலை 1-லிருந்து புதிய குற்றவியல் சட்டங்கள். பழைய சட்டத்தில் முப்பது வருஷம் பிரிவு 438 என்றால் முன்ஜாமீன், 482 என்றால் ஐகோர்ட்டில் ரத்து மனு என்று ஓடிய வாய், இன்று முன்ஜாமீனுக்கு 482, ரத்து மனுவுக்கு 528 என்று சொல்லத் தடுமாறுகிறது. கூடவே இ-ஃபைலிங் வேறு. இந்த ரெண்டும் தெரிந்த பிள்ளையை எந்த சீனியரும் சட்டென்று விடமாட்டார். சிவகாசிப் பக்கம் பணமில்லாமல் செக் திரும்பிய வழக்குகள் நிறைய, அதில் தேதிக் கணக்குத்தான் உயிர்: செக் திரும்பிய தகவல் வந்து முப்பது நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து பணம் கட்டப் பதினைந்து நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் தப்பில்லாமல் வைத்திருக்கும் ஜூனியர் சேம்பருக்கு ஒரு கை மாதிரி.

சரி, காசு. 2017-ல் என் முதல் மாதச் சம்பளம் ரெண்டாயிரத்து ஐநூறு, தீபாவளிக்கு ஒரு பட்டாசுப் பெட்டி. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்றது: சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. நான் பார்க்கும் சேம்பர்களில் அந்தத் தொகையைக் கண்ணால் கண்ட ஜூனியர் யாரும் இல்லை. சின்ன ஊர் சீனியருக்கும் மாதம் பிறந்தால் வருமானம் என்று ஒன்று கிடையாது, கட்சிக்காரர் வாய்தாவுக்கு ஐநூறு என்று தருவதில்தான் ஆபீஸ் ஓடுகிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் ரெண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துகொண்டு "எங்க சீனியர் எங்களுக்கு ஒத்தப் பைசா கொடுத்ததில்லை" என்பார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. முதல் நாளே கேள். எவ்வளவு, எந்தத் தேதியில், சொந்தமாக வரும் வழக்கை நான் நடத்தலாமா, மூன்றையும் கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கைச்செலவுக்கு வேறு சில வழிகள் உண்டு. அட்வகேட் கமிஷனராகக் கோர்ட் நியமித்தால் நிலத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், கோர்ட்டே கட்டணம் நிர்ணயிக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவிக் குற்ற வழக்குகளுக்கு முழுநேர வக்கீல்களை எடுக்கிறார்கள், உதவி நிலைக்குப் புதியவர்களே போதும், மாதாமாதம் பணம். தனியார் வழக்கு எடுக்க முடியாது என்பதுதான் விலை.

யாரும் எழுதாத இன்னொரு சங்கதி. "எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள். சொன்னால் "அதுல எந்தத் தெரு?" அடுத்து "யாரு மக?" எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஏறிய ஒரு சேம்பரில் தெருவுக்குப் பதில் சொன்னதும் "இப்ப ஆள் தேவைப்படலம்மா" என்றார்கள், அடுத்த வாரம் அங்கே ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். பெண் என்றால் கூடுதலாக ஒன்று: டைப்பிங், கட்டு அடுக்குதல், பெண் கட்சிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசுதல், கோர்ட்டுக்கு மட்டும் "வெயில்ல எதுக்கும்மா". அக்கறை மாதிரியே இருக்கும். ஆறு மாதம் கழித்து யோசித்தால் கோர்ட் ஹாலுக்குள் நீ போகவே இல்லை என்று தெரியும். அப்படி ஒரு இடத்திலிருந்து மூன்றே மாதத்தில் நான் வெளியேறினேன், அதற்கு இன்றைக்கும் ஒருத்தர் என்னிடம் முகம் கொடுப்பதில்லை.

2025 மேயில் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருஷ பிராக்டிஸ் வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்ததிலிருந்து சீனியர்களிடம் ஒரு புதுக் கேள்வி: "சர்டிபிகேட்டுக்கா வந்திருக்க?" ஆமாம் என்றாலும் தப்பில்லை, மூன்று வருஷம் ஒழுங்காக உழைக்கும் ஜூனியர் கிடைத்தால் அவருக்கு என்ன நஷ்டம். சர்டிபிகேட்டுக்காகப் பெயரை மட்டும் வக்காலத்தில் சேர்த்துவிட்டு கோச்சிங் கிளாஸில் உட்காருவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக எழுதியது: மே மாதம் வராதே. சிவில் கோர்ட் லீவு, சீனியர்கள் யாரையும் பிடிக்க முடியாது. ஜூன் முதல் வாரம் வா, பத்து மணிக்கு முன்னால் வா, டீக்கடையில் அண்ணாச்சி இருப்பார், என் பெயரைச் சொல்.